அட்டைப்பெட்டியை ஒட்டாதீர்கள்

கேள்வி: சிங்கப்பூர் இணைய இழை ஒன்றில் பொங்கோல் அம்மா, 2025 ஜூன் 1

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது. மகனுக்கு ஐந்து வயது, மகள் தொடக்கநிலை இரண்டு. அட்டையில் வீடு கட்டும் விளையாட்டுத் தொகுப்பு ஒன்றை இணையக் கடையில் பார்த்தேன். விலை அறுபது வெள்ளிக்குமேல். அச்சடித்த அட்டையை மடித்து மாட்டினால் வீடு தயார். வாங்கலாமா, இல்லை வீட்டுக்கு வரும் பெட்டிகளே போதுமா? எங்களுடையது நான்கறை வீடு. மாமியார் இப்போதே "இது வீடா, கிடங்கா" என்று கேட்கிறார்.

பதில்: அதே இழையில் ஒரு கிடங்குக்காரர், ஜூன் 1, இரவு

வாங்காதீர்கள் அக்கா. விலைக்காகச் சொல்லவில்லை. அந்தத் தொகுப்பில் வீடு மட்டும்தான் வரும். நாளைக்கே பையன் அதைப் பேருந்தாக்க வேண்டும் என்றால் அச்சடித்த சன்னலும் பூந்தொட்டியும் குறுக்கே நிற்கும்.

நான் துவாஸ் பக்கம் ஒரு கிடங்கில் வேலை பார்ப்பவன். பகலெல்லாம் பெட்டிகளோடுதான். வீட்டுக்கு வந்தால் இரண்டு பிள்ளைகளும் மறுபடி பெட்டியோடு நிற்பார்கள். எங்கள் வீட்டில் ஒரே ஒரு விதி: ஒட்டக்கூடாது. கோந்து, துப்பாக்கியில் உருக்கி ஒட்டும் சூட்டுப்பசை, பழுப்பு டேப் எதுவும் கிடையாது. செருகு, கட்டு, குத்து, அவ்வளவுதான். ஏன் என்று நாளை எழுதுகிறேன், காலையில் முதல் ஷிஃப்ட்.

ஜூன் 2

ஒட்டிக் கட்டிய வீடு அன்றைக்கே காட்சிப்பொருள் ஆகிவிடும். கட்டியவன் தங்கச்சியைக் கிட்டே விடமாட்டான். நாம் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போடுவோம், ஊரிலிருந்து சித்தி கைதட்டல் அனுப்புவார். அதற்கப்புறம் அது சோபாவுக்குப் பக்கத்தில் மாதக்கணக்கில் நிற்கும். தூக்கிப்போட மனசு வராது, அதை வைத்து விளையாடவும் ஆள் இருக்காது.

செருகிக் கட்டியதைச் சாயங்காலமே பிரிக்கலாம். தட்டையாக அடுக்கினால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். எங்கள் வீட்டில் குண்டுக்கு ஒதுங்கக் கட்டிய பாம் ஷெல்டர் அறைக்குள், அரிசி மூட்டைக்கும் இஸ்திரிப் பலகைக்கும் நடுவில் அத்தனையும் அடங்குகிறது. மறுநாள் அதே பலகைகளில் கோப்பிக்கடை வரும். உங்கள் மாமியாருக்கும் இது ஒத்துவரும் என்று நினைக்கிறேன்.

செருகும் பிளவை அளக்க ஸ்கேல் வேண்டாம். ஒரு பலகையின் விளிம்பை இன்னொன்றின்மேல் செங்குத்தாக நிறுத்தி, இரண்டு பக்கமும் பென்சிலால் கோடு இழுக்கச் சொல்லுங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருப்பதுதான் அகலம். கோட்டுக்கு உள்பக்கம் வெட்டினால் இறுக்கிப் பிடிக்கும், வெளிப்பக்கம் வெட்டினால் தொளதொளவென்று ஆடும். ஆழம் இரண்டு பலகையிலும் உயரத்தில் பாதி. ஒன்றில் மேலிருந்து கீழே, மற்றதில் கீழிருந்து மேலே. ஏழு வயதுப் பிள்ளைக்கு இது ஒரே மதியத்தில் பிடிபட்டுவிடும். ஐந்து வயதுக்காரன் கோடு மட்டும் போடட்டும்.

சாதாரணப் பெட்டியின் அட்டை 3, 4 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். துணி துவைக்கும் இயந்திரம் மாதிரி கனமானவை வரும் இரட்டை அட்டை 6, 7 மில்லிமீட்டர் வரை போகும். அதை நீங்கள்தான் வெட்டித் தரவேண்டும்.

ஜூன் 3

ஈசூன் தம்பி, நீங்கள் கட்டிய அட்டைச்சுவர் ஏன் மடங்கி விழுகிறது என்று படத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நெளி படுக்கையாகக் கிடக்கிறது. வெட்டிய விளிம்பைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பாருங்கள். இரண்டு தாளுக்கு நடுவே அலை அலையாக ஒரு தாள் ஓடும். அந்த அலையைத்தான் நெளி என்கிறேன், அதுதான் வரிசையாகக் குழாய்களை உண்டாக்குகிறது. குழாய்கள் செங்குத்தாக நின்றால் சுவர் எடை தாங்கும், படுத்துக்கிடந்தால் நசுங்கும். கடைக்கு வரும் பெட்டி எதை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள், பக்கச்சுவரில் நெளி பெரும்பாலும் மேலும் கீழுமாகத்தான் ஓடும். எங்கள் கிடங்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியும் அடிப்பெட்டி நிற்கிறதென்றால் அதற்கு முதல் காரணம் இதுதான்.

எடையில் பெரும்பங்கை நான்கு மூலைகள்தான் தாங்குகின்றன. அதனால் சன்னலும் கதவும் சுவரின் நடுவில் இருக்கட்டும். மூலையை ஒட்டி வாசல் வெட்டினால் கூரை வைத்த மறுநிமிஷம் சாயும்.

மடிக்கும்போது கத்தி படவே கூடாது. மை தீர்ந்த பேனாவையோ கரண்டிக் காம்பையோ வைத்து அழுத்திக் கோடு இழுத்துவிட்டு மடித்தால் நேராக மடங்கும். வளைவு வேண்டுமென்றால் ஒரு பக்கத்துத் தாளை ஈரத்துணியால் நனைத்து உரித்துவிடுங்கள். மிச்சமிருக்கும் நெளித்தாள் பாய் மாதிரி சுருளும்.

ஜூன் 3, கொஞ்ச நேரம் கழித்து

இதையெல்லாம் பிள்ளையிடம் "அறிவியல்" என்று அறிமுகப்படுத்தாதீர்கள். டியூஷன் என்று நினைத்து ஓடிவிடுவான்.

ஜூன் 5

என்னென்ன சாமான் வேண்டும் என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கும்.

கேக் கடையில் கொடுக்கும் பல்வைத்த பிளாஸ்டிக் கத்தியைத் தூக்கிப்போடாதீர்கள். ஒற்றை அட்டையை அது மெதுவாக அறுக்கும், விரலை அறுக்காது. பேனாக்கத்தி பெரியவர்கள் கையில் மட்டும். ஓட்டை போட, அட்டைக்கு அடியில் ஒரு பெரிய ரப்பரை வைத்துவிட்டு மேலிருந்து பென்சிலால் குத்தச் சொல்லுங்கள். மேசையும் தப்பும், உள்ளங்கையும் தப்பும். கட்டுவதற்கு, சந்தைக் கடையில் சாமான் கட்டித் தருவார்களே அந்த ராஃபியா கயிறு. துணி மாட்டும் கிளிப் ஒரு பிடி. சாத்தே குச்சி, அதாவது இறைச்சியைக் குத்திச் சுடும் மெல்லிய மூங்கில் குச்சி.

சாத்தே குச்சிதான் இதில் ராஜா. கூர் முனையை நறுக்கிவிட்டு நெளிக்குள்ளே விட்டால் அப்படியே வழுக்கிக்கொண்டு போகும். கதவுக்குக் கீல், சக்கரத்துக்கு அச்சு, கொடிக்குக் கம்பம் எல்லாம் அதுவேதான். குச்சி தடியாக இருந்து உள்ளே போகவில்லை என்றால் வேறு பெட்டியைப் பாருங்கள், நெளியின் அளவு பெட்டிக்குப் பெட்டி மாறும்.

காசு கொடுத்துத்தான் ஏதாவது வாங்குவேன் என்றால், ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் மேக்டூ பிளாஸ்டிக் திருகுகளை வாங்கலாம். கையாலேயே திருகலாம், கழற்றலாம், மறுபடி பயன்படுத்தலாம். அச்சடித்த வீட்டுக்குப் போகும் காசு இதற்குப் போகட்டும்.

ஜூன் 7, ஹஜ்ஜுப் பெருநாள்

விடுமுறை நாளில் தேக்கா சந்தைப் பக்கம் போனதால் பெட்டி கிடைக்கும் இடம் பற்றி எழுதுகிறேன். வாழைப்பழப் பெட்டிக்கு ஈடு இல்லை. மூடி தனியாக, அடி தனியாக, ஒன்றுக்குள் ஒன்று இறங்கும்படி செய்தது. சுவர் இரட்டிப்பாகிவிடும். காற்றுப்போக ஓட்டைகளும் கைப்பிடிகளும் ஏற்கெனவே இருக்கும். என் பையன் அதைப் பார்த்த உடனே "பஸ் கண்ணாடி" என்றான். கடைக்காரரிடம் கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே கொடுத்துவிடுவார், ஆனால் காலையிலேயே கேளுங்கள். மதியத்துக்குள் எல்லாம் மிதித்துக் கட்டி வைத்திருப்பார்கள்.

வீட்டுக்குள் கொண்டுவருமுன் வெயிலில் நன்றாகத் தட்டுங்கள். நெளிக்குள் கரப்பான் முட்டை ஒளிந்திருக்கும். அட்டையை ஒட்டும் பசை மாவுப்பசை, பூச்சிக்கு அது விருந்து. மீன், இறைச்சி வந்த பெட்டியும் மெழுகு பூசிய பெட்டியும் வேண்டவே வேண்டாம்.

குளிர்பதனப்பெட்டி வாங்குகிறவர்கள், டெலிவரிக்காரர் பெட்டியைத் திரும்ப எடுத்துப் போகுமுன் வாயைத் திறந்து கேட்டுவிடுங்கள். கீழே ஸ்டேபிள் இருக்கலாம், குறடால் பிடுங்கிய பிறகே பிள்ளையை உள்ளே விடவேண்டும்.

ஜூன் 8

அங் மோ கியோ அண்ணே, நெளி அட்டை சாமான் அனுப்பக் கண்டுபிடித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அது தொப்பிக்கு. 1856இல் இங்கிலாந்தில் ஹீலி, ஆலன் என்ற இருவர் உயரமான தொப்பியின் உள்பக்கத்துக்கு நெளித்தாள் வைக்கக் காப்புரிமை வாங்கினார்கள். புட்டியும் விளக்குக் கண்ணாடியும் உடையாமல் சுற்ற அதைப் பயன்படுத்தியது 1871இல், அமெரிக்காவில் ஆல்பர்ட் ஜோன்ஸ். அப்போதும் ஒரு பக்கம்தான் தாள். மறுபக்கமும் தாள் ஒட்டி இன்றைய அட்டை ஆக்கியது 1874இல் ஆலிவர் லாங்.

இதைச் சொன்ன அன்று வீட்டில் எல்லாருக்கும் தொப்பி வந்துவிட்டது. உரித்த நெளித்தாளைத் தலையைச் சுற்றி வளைத்து கிளிப் போட்டால் போதும். அப்பத்தா தலையில்கூட ஒன்று ஏறியது.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில் பொம்மைகளுக்கென்று ஒரு புகழ் மண்டபம் இருக்கிறது. 2005இல் வெற்று அட்டைப்பெட்டியை அதில் சேர்த்தார்கள். 2008இல் சும்மா கிடக்கும் குச்சியையும் சேர்த்துவிட்டார்கள். மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள் பொங்கோல் அக்கா, நான் பொறுப்பில்லை.

ஜூன் 11

பிள்ளைகள் எதைக் கட்டுகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? நாம் கோட்டை, ராக்கெட் என்று ஆசைகாட்டுவோம். அவர்கள் கட்டுவது தினமும் பார்ப்பதைத்தான். என் பையன் லிஃப்ட் கட்டினான். பொத்தான் மட்டும் ஒரு பலகை நிறைய, மேலே போகிற வேலையெல்லாம் கிடையாது. கதவு மூடித் திறந்தால் அவனுக்குப் போதும்.

மகள் கட்டியது எம்ஆர்டி ரயில் நிலைய நுழைவாயில். இரண்டு பக்கமும் வாழைப்பழப் பெட்டி. நடுவில் இரண்டு சின்னக் கதவுகள், சாத்தே குச்சிக் கீலில். கதவின் பின்பக்கம் ஒரு ரப்பர் பேண்டைக் கோர்த்துப் பெட்டியின் கைப்பிடி ஓட்டையில் மாட்டியிருந்தாள். தள்ளிக்கொண்டு உள்ளே போனால் கதவு தானாக மூடிக்கொள்ளும். முதலில் ரப்பர் பேண்ட் இறுகி, கதவு திறக்கவே இல்லை. நான் எழுந்தேன். "அப்பா, உட்காருங்க" என்றாள். இரண்டு ரப்பர் பேண்டை முடிச்சுப் போட்டு நீளமாக்கினாள், சரியாகிவிட்டது. பெட்டிமேல் பயண அட்டையைத் தட்டினால் உள்ளே உட்கார்ந்திருக்கும் தம்பி "டிட்" என்பான். அவன் தூங்கிவிட்டால் நிலையம் மூடல்.

அப்பத்தா சமையலறைக்குப் போக அட்டையைத் தட்டினார். "பணம் போதவில்லை, டாப் அப் பண்ணுங்க." டாப் அப் இரண்டு முறுக்கு.

ஜூன் 14

செங்காங் நண்பர் ராத்திரி கண்விழித்து மகனுக்குக் கட்டிய கப்பலைப் பார்த்தேன். அழகுதான், பாய்மரம்கூட நேர்த்தி. ஆனால் பையன் அதில் ஏறவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிறகு அது யாருடைய கப்பல்?

1971இல் சைமன் நிக்கல்சன் என்ற ஆங்கிலேயச் சிற்பி இதைப் பற்றித்தான் எழுதினார். ஓரிடத்தில் கழற்றி மாற்றக்கூடிய பொருள்கள் எவ்வளவு உண்டோ, எத்தனை வகை உண்டோ, அந்த அளவுக்குத்தான் அங்கே கற்பனை ஓடும் என்பது அவர் வாதம். கட்டிடக் கலைஞர்கள் மாற்றி மாற்றிப் பார்க்கும் சந்தோஷத்தை எல்லாம் தாங்களே வைத்துக்கொண்டு, முடிந்துபோன ஒன்றைப் பிள்ளைகளுக்குத் தருகிறார்கள் என்று அவருக்குக் கோபம். வீட்டில் அந்தக் கட்டிடக் கலைஞர் நாம்தான்.

கத்தி பிடிப்பது நம் வேலை. கோடு போடுவது அவர்கள் வேலை. கோடு கோணலாக இருந்தால் கோணலாகவே வெட்டுங்கள். எனக்கு இது இன்றும் கஷ்டம்தான், நாள் முழுக்க நேர்கோட்டில் அடுக்கிப் பழகிய கை.

ஜூன் 22

தாழ்வாரத்தில் கட்டலாமா என்று கேட்டவருக்கு: பிள்ளை விளையாடும்போது நீங்கள் கூடவே இருந்தால் சரி, விட்டுவிட்டு உள்ளே போகாதீர்கள். தீயணைப்பைக் கவனிக்கும் குடிமைத் தற்காப்புப் படையின் விதிப்படி பொதுத் தாழ்வாரத்தில் குறைந்தது 1.2 மீட்டர் வழி விடவேண்டும். எரியக்கூடிய பொருளை அங்கே போட்டு வைக்கவும் கூடாது. அட்டை எவ்வளவு சீக்கிரம் பற்றும் என்று எங்கள் கிடங்கில் தீயணைப்புப் பயிற்சிக்கு வந்தவர் சொன்னதைக் கேட்டபிறகு நான் செருப்பு அலமாரிக்குமேல்கூட அட்டை வைப்பதில்லை.

ஜூலை 6

புக்கிட் பாத்தோக் அக்காவின் வீட்டுக் கூரை தொய்ந்துவிட்டதாம். நம் ஊர்க் காற்றில் ஈரம் ஜாஸ்தி, அட்டை அதை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நல்ல ஈரம் ஏறினால் பெட்டியின் தாங்குசக்தி பாதிக்குக்கூட இறங்கிவிடும். மழை நாளில் சன்னல் ஓரமாகவும் துணி காயும் இடத்திலும் வைக்காதீர்கள். சுவரோடு ஒட்டி வைத்தால் ராமபாணப் பூச்சி வரும்.

எங்கள் வீட்டில் தொட்டுப் பார்த்து நொளநொளவென்று இருந்தால் அந்தப் பலகைக்கு விடுமுறை. வருத்தப்பட ஒன்றுமில்லை, வெள்ளிக்கிழமை புதுப் பெட்டி வரும்.

ஆகஸ்ட் 24

சீனர்கள் இறந்தவர்களுக்குப் படைக்கும் ஏழாம் மாதம் தொடங்கியிருக்கிறது. புளோக்கின் கீழ்த்தளத்தில் ஊதுபத்தி வாசம். என் பையன் ஒரு வெள்ளை வீட்டை வாசல் பக்கம் இழுத்துக்கொண்டு போனான். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி மெதுவாக என் மனைவியைக் கூப்பிட்டு, இந்த மாதம் காகித வீட்டை வெளியே வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இறந்தவர்களுக்குக் காகித வீடு, கார் எல்லாம் செய்து எரிப்பார்களே, அந்த நினைப்பு அவருக்கு. நாங்கள் உடனே உள்ளே எடுத்துவிட்டோம். அப்புறம் ஆன்ட்டியே வந்து, அவர் சின்ன வயதில் பார்த்த காகித மாளிகைகளைப் பற்றிப் பையனுக்குச் சொன்னார். மூங்கில் சிம்பால் சட்டம், மேலே வண்ணக் காகிதம், மாடிப்படி, வேலையாள் பொம்மை வரைக்கும். அவன் வாய் மூடவில்லை. சட்டம் கட்டி மேலே தோல் போர்த்தும் முறை அவனுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. இப்போது சாத்தே குச்சிக்குத் தட்டுப்பாடு.

செப்டம்பர் 7

ஒட்டக்கூடாது என்ற விதியைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். ஒரு வார விடுமுறைக்கு என் அக்கா மகன் வந்திருக்கிறான், பதினொரு வயது. தைப்பூசத்தில் பார்த்த காவடி அவன் மனசிலேயே நிற்கிறது, அதை அட்டையில் செய்யவேண்டும். காவடிக்கு வளைவு வேண்டும், தோளில் வைத்து ஆடினாலும் வளைவு பிரியக்கூடாது. செருகியும் கட்டியும் பார்த்தான், நெளித்தாள் திரும்பத் திரும்ப நேராகிக்கொண்டே இருந்தது.

அதற்கு ஒட்டத்தான் வேண்டும். இரண்டு பட்டைகளை ஒரு பக்கம் உரித்து, உரித்த பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, நடுவில் வெள்ளைக் கோந்து தடவி, ஒரு வாளியின்மேல் வளைத்து, வரிசையாக கிளிப் மாட்டி ராத்திரி முழுக்க விட்டோம். காலையில் எடுத்தால் வில் அப்படியே நிற்கிறது. இரண்டும் சேர்ந்து காய்ந்துவிட்டதால் இனி ஒன்றைவிட்டு ஒன்று நழுவ முடியாது, அதனால்தான் வளைவு நிற்கிறது.

ஆக, கோந்து ஒரு வேலைக்காக வரட்டும். எது எங்கே நிற்கவேண்டும் என்று தெரிந்த பிள்ளை தானாகவே கேட்கும். ஐந்து வயதுக்கு என் விதி அப்படியே இருக்கிறது. சூட்டுப்பசை யாருக்கும் இல்லை. குறைந்த வெப்பம் என்று எழுதியிருக்கும் துப்பாக்கியே 120 டிகிரி வரை போகும், அந்தப் பசை தோலில் ஒட்டிக்கொண்டே சுடும்.

மயிலிறகு கேட்கிறான். யாரிடமாவது இருக்கிறதா?

செப்டம்பர் 14

விளையாடி முடித்த அட்டையை என்ன செய்வது என்று இத்தனை நாளாக யாரும் கேட்கவில்லை, ஆச்சரியம்தான்.

எங்கள் புளோக்கில் ஒரு வயதான சீனப் பாட்டி தள்ளுவண்டியில் அட்டை சேகரிக்கிறார். கிலோவுக்குக் கிடைப்பது சில காசுதான். அவருக்கு வேண்டியது காய்ந்த அட்டை, டேப் இல்லாமல், தட்டையாக. டேப் சுற்றிய பெட்டி என்றால் அவர் குனிந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கிழிக்க வேண்டும். ஒட்டாமல் கட்டும் வீட்டிலிருந்து வரும் அட்டை அவருக்கு அப்படியே போகும். என் பிள்ளைகள் மிதித்துத் தட்டையாக்கி ராஃபியாவால் கட்டிக்கொண்டு போய்க் கொடுக்கிறார்கள். முடிச்சு போடுவதை அவரிடம்தான் கற்றுக்கொண்டார்கள், என்னுடையது அவிழ்ந்துவிடுமாம்.

அப்படி யாரும் இல்லையென்றால் மறுசுழற்சிக்கான நீலத் தொட்டி. எண்ணெய் பட்ட அட்டையை அதில் போடாதீர்கள். நீலத் தொட்டிகளில் சேர்வதில் சுமார் 40 விழுக்காடு அழுக்கினாலும் கண்டதைப் போடுவதாலும் மறுசுழற்சிக்கு உதவாமல் போகிறது என்கிறது தேசிய சுற்றுப்புற வாரியம். குப்பைக் குழாயில் பெட்டியைத் திணிக்கிறவர்களைப் பற்றி நான் எழுத ஆரம்பித்தால் இழையைப் பூட்டிவிடுவார்கள்.

செப்டம்பர் 20

திங்கட்கிழமை நவராத்திரி. வீட்டில் இருந்த நல்ல பெட்டிகளை எல்லாம் மனைவி கொலுப்படிக்கு எடுத்துக்கொண்டார். பிள்ளைகள் முதலில் ஆட்சேபித்தார்கள், பிறகு படி கட்டும் குத்தகையை அவர்களே எடுத்துக்கொண்டார்கள்.

பெட்டியில் படி கட்டுகிறவர்களுக்குக் கிடங்குக்காரன் சொல்வது: ஒரே உயரமுள்ள பெட்டிகளை ஒரே வரிசையில் வையுங்கள். மேல்பெட்டியின் மூலை கீழ்ப்பெட்டியின் மூலைக்கு நேர்மேலே உட்காரட்டும். செங்கல் மாதிரி மாற்றி மாற்றி அடுக்கினால் பார்க்க உறுதியாகத் தெரியும், ஆனால் எடை பெட்டியின் நடுவில் இறங்கிப் பள்ளம் விழும். கனமான மண் பொம்மை கீழ்ப்படியில், மரப்பாச்சி மேலே. வேட்டி விரிக்குமுன் ஒவ்வொரு படிமேலும் ஒரு முழுப் பலகை போட்டுவிடுங்கள், பொம்மை ஆடாது.

எம்ஆர்டி நுழைவாயில் மட்டும் தப்பியது. கொலுவுக்கு முன்னால் நிற்கிறது. தட்டினால்தான் சுண்டல் என்று மகள் அறிவித்துவிட்டாள். பக்கத்தில் இருப்பவர்கள் வரும்போது ஈசி-லிங்க் பயண அட்டையோடு வரவும்.